மஞ்சள் துணியில் அவள் முடிந்து வைத்தது

2005-ஆம் வருடம், தீபாவளி முடிந்த மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு என் வீட்டுக்குள் ஓடைத் தண்ணீர் வந்தது. வீட்டில் நான் மட்டும்தான். அதற்கு எட்டு மாதம் முன்பு என் மனைவி குருவம்மாள் இறந்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போனதிலிருந்து நான் கும்பிடுவதையும் விட்டிருந்தேன்.

இருக்கன்குடி மாரியம்மனை நம்பி இருக்கிற உங்களிடம் இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் அது சாட்சி ஆகாது. அவள் பிழைக்க வேண்டும் என்று கேட்டோம். பிழைக்கவில்லை. அதோடு அம்மனுக்கும் எனக்கும் பேச்சு முடிந்தது என்று வைத்துக்கொண்டேன்.

சின்ன வயதில் மதுரையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நான்கு வருடம் பிழை திருத்தும் வேலை பார்த்தவன் நான். பார்க்காததை எழுதக் கூடாது என்று அங்கே பழக்கினார்கள். அதனால் கனவில் அம்மன் வந்தாள், வாக்குச் சொன்னாள் என்பதெல்லாம் இதில் இருக்காது. பார்த்ததையும் கேட்டதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

வீடு சாத்தூருக்குக் கிழக்கே, இருக்கன்குடிப் பாதையிலிருந்து பிரியும் ஒரு ரோட்டில் இருக்கிறது. அந்த ரோட்டில் இரண்டு தரைப்பாலங்கள். நடுவில் என் வீடு ஒன்றுதான். மனைவி வழியில் வந்த நிலமும் வீடும். மதுரைக்குப் பிறகு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில், எங்கள் ஊரில் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம், பதினெட்டு வருடம் போர்மேனாக இருந்தேன். அவளுக்கு உடம்பு முடியாமல் போனதும் வேலையை விட்டு இங்கே வந்தோம்.

போர்மேன் வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தினமும் கேட்டில் எல்லோருடைய மடியையும் சட்டைப் பையையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவோம். ஒரு தீக்குச்சி இருந்தாலும் அன்றைக்கு வேலை கிடையாது. மற்றவர்களைச் சோதிக்கிறவன் பையில் தீப்பெட்டி இருக்கலாமா? பதினெட்டு வருடம் நான் தீப்பெட்டியைத் தொடவில்லை. வீட்டில் அடுப்பு, விளக்கு, கொசுவர்த்தி எல்லாம் குருவம்மாள்தான் பற்ற வைப்பாள். “ஊருக்கே வெடி செஞ்சு அனுப்புற ஆளு, ஒரு குச்சியக் கிழிக்கப் பயப்படுதாரு” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் இறந்த பிறகு கரண்ட் அடுப்பு வாங்கினேன். விளக்கு ஏற்றவே இல்லை.

உள்ளறையின் பின்சுவரில் ஒரு மாடம். அதில் அம்மன் படம். இரண்டாவது தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, குருவம்மாள் ஒரு மஞ்சள் துணியில் எதையோ முடிந்து மாடத்து ஆணியில் மாட்டினாள். நேர்ந்திருப்பதாகச் சொன்னாள். நடந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும் என்றாள். காணிக்கைக் காசுதான் முடிந்திருப்பாள் என்று நினைத்தேன். நேர்ந்தது நடக்கவில்லை. முடிச்சு அப்படியே தொங்கியது.

வெள்ளிக்கிழமை வந்த தண்ணீர் சனிக்கிழமை காலையில் வடிந்தது. வீட்டுக்குள் கணுக்கால் அளவு வண்டல். கரண்ட் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. டெலிபோன் செத்துவிட்டது. இரண்டு தரைப்பாலங்களிலும் தண்ணீர் நெஞ்சுக்கு மேல் போனது. அடுப்படிச் சுவர் சனிக்கிழமை பதினோரு மணிக்கு விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஈரமண் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

பிரச்சினை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. வீடு கட்ட மண் எடுத்த பள்ளம் ஒன்று பின்சுவரை ஒட்டி இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வடிந்தும் அதில் மட்டும் தண்ணீர் நின்றது. சுவர் கல்லும் மண் சாந்தும் வைத்துக் கட்டியது. அடியில் ஈரம் நின்றால் எத்தனை நாள் தாங்கும்? மாடத்துக்குக் கீழே விரிசல் விழுந்திருந்தது. சனிக்கிழமை அதில் பென்சில் முனை நுழைந்தது. ஞாயிற்றுக்கிழமை பென்சிலே நுழைந்தது. திங்கட்கிழமை என் சுண்டுவிரல் நுழைந்தது.

ஞாயிறும் திங்களும் வாளியால் இறைத்தேன். ஒரு சாண் இறங்கும். நான் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் ஊற்றெடுத்து அதே மட்டத்துக்கு வந்துவிடும். ஊறவைத்த அவலைத் தின்றேன். இரண்டு நாள் என் குரலை நானே கேட்கவில்லை. ஒரு தடவை வாளி வழுக்கி விழுந்தபோது “பாத்து, பாத்து” என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

கிணற்றடிக் கொட்டகையில் மாமனார் காலத்து ஆயில் இன்ஜின் ஒன்று இருந்தது. ஐந்து குதிரைத்திறன், டீசலில் ஓடுவது. இரண்டு பக்கமும் பெரிய சக்கரம். கரண்ட் மோட்டார் வந்த பிறகு இரண்டு வருடமாக ஓடவில்லை. அதை ஓட்டிவிட்டால் பள்ளம் ஒரே நாளில் வற்றிவிடும். திங்கட்கிழமை சாயங்காலம் அதனிடம் போனேன். ஹேண்டிலை மாட்டித் திருப்பினேன். அசையவில்லை. முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தேன். மயிரிழை கூட நகரவில்லை.

அதற்குக் காரணம் நான்தான். சனிக்கிழமை காலையில் இன்ஜினைச் சுற்றி இருந்த வண்டலைக் கழுவிவிட்டு, ஒரு சாக்கை நன்றாக நனைத்து அதன் மேல் போர்த்தியிருந்தேன். பட்டாசு ஆபீஸில் எதற்கும் அதுதான் முதல் வைத்தியம். வெடிமருந்து சிந்தினால் ஈரச் சாக்கு. ஒரு பொருளைப் பற்றிச் சந்தேகம் வந்தால் ஈரச் சாக்கு. ஒவ்வொரு ரூம் வாசலிலும் தண்ணீர்த் தொட்டி. ஈரமாக இருப்பது ஆபத்தில்லை என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. மூன்று நாள் அந்த ஈரத்துக்கு அடியில் இன்ஜின் துருப்பிடித்து இறுகிவிட்டது. சாக்கைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே புரிந்தது.

உள்ளறைக்கு வந்தேன். மணி ஆறு தாண்டியிருக்கும். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. மாடத்துக்கு முன்னால் நின்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு பேசினேன். அழகாக ஒன்றும் பேசவில்லை.

“அவளைத்தான் விட்டுட்ட. இந்தச் சுவரையாவது விட்டு வையி. ஒரு ஆள அனுப்பு. என்னால தனியா முடியல.”

அவ்வளவுதான். விழுந்து கும்பிடக்கூட இல்லை. தரையில் வண்டல்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி இருக்கும். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் ஒருவர் வந்தார். நாற்பது வயது. காதில் பீடி சொருகியிருந்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

“அண்ணாச்சி, தீப்பெட்டி இருக்கா?”

இல்லை என்றேன்.

“பெட்டி வேண்டாம். ஒரு குச்சி போதும்.”

வீட்டிலேயே கிடையாது என்றேன். என்னைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். “சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி இல்லாத வீடா? எல்லாத்தையும் லோடு ஏத்தி வெளியூருக்கு அனுப்பிட்டீகளோ?”

மூன்று நாளில் நான் கேட்ட முதல் மனிதக் குரல். சிரிப்பு வந்தது. சிரித்தபோது கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் சவரிமுத்து. தூத்துக்குடிப் பக்கம். ஆலங்குளத்திலிருந்து சிமெண்ட் ஏற்றி வந்த லாரி டிரைவர். முதல் தரைப்பாலத்தில் தண்ணீர் வடிந்தது என்று தாண்டி வந்திருக்கிறார். இரண்டாவது பாலத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிவிடலாம் என்று பார்த்தால் முதல் பாலம் மறுபடி மூழ்கிவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டார். லாரியில் ஸ்டவ் இருந்தது, மண்ணெண்ணெய் இருந்தது. தீப்பெட்டி நனைந்துவிட்டது. முதல் பாலத்தை எத்தனை மணிக்குத் தாண்டினீர்கள் என்று கேட்டேன்.

“நேத்துச் சாயங்காலம். ஆறு, ஆறரை இருக்கும். ஏன் கேக்கீக?”

சும்மா கேட்டேன் என்றேன். அப்போது சொல்ல வாய் வரவில்லை.

விரிசலைக் காட்டினேன். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு கொட்டகைக்கு வந்தார். ஈரச் சாக்கைத் தூக்கி, யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். எதற்கு என்றார். பட்டாசு ஆபீஸ் வழக்கத்தைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“சரி விடுங்க. வெடிய அணைக்கிற மாதிரி இஞ்சினையும் அணைச்சுட்டீக. அம்புட்டுத்தான.”

அவர் வேலை செய்த விதத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும். முதலில் அடியில் இருந்த ஆயிலை வடித்தார். கறுப்பாக வர வேண்டியது மோர் மாதிரி வெள்ளையாக வந்தது. உள்ளே தண்ணீர் போயிருந்தது. மேலே டீசல் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றினார். ஊறட்டும் என்றார். அவசரப்பட்டு அடித்தால் உள்ளே உடைந்துவிடும் என்றார். அன்று முழுவதும் இருவரும் வாளியால் இறைத்தோம். அவரும் அவல்தான் தின்றார். என்னிடம் அரிசி இருந்தது. அவரிடம் ஸ்டவ் இருந்தது. நடுவில் ஒரு தீக்குச்சி இல்லை.

புதன்கிழமை காலையில் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து முன்னும் பின்னுமாக நெம்பினோம். ஒன்பது மணிக்கு ஒரு விரல் நகர்ந்தது. பத்து மணிக்கு ஒரு சுற்று வந்தது. அவர் “ஆங்” என்றார். லாரியிலிருந்து புது ஆயிலும் டீசலும் கொண்டுவந்து ஊற்றினார். குழாய் நட்டைத் தளர்த்தி, குமிழ் நிற்கும் வரை காற்றை வெளியேற்றினார். கிணற்றுக்குள் போகும் உறிஞ்சு குழாயை எடுத்துப் பள்ளத்தில் போட்டோம்.

ஹேண்டிலைச் சுற்றினார். இருமியது. வெள்ளைப் புகை வந்தது. நின்றுவிட்டது. மறுபடி சுற்றினார். அதே இருமல். பன்னிரண்டு மணிக்குள் அவர் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. நான் சுற்றினேன். என் பலத்துக்கு இருமல்கூட வரவில்லை.

உட்கார்ந்தார். “உள்ள சில்லுன்னு கெடக்கு அண்ணாச்சி. டீசல் துணியப் பத்த வச்சு, காத்து இழுக்குற வாயில காட்டுனா சூட்டோட இழுத்துப் பிடிச்சுக்கும். இப்ப வேணும்கிறது நெருப்புத்தான்.”

அப்போது வீட்டுக்குள் ஏதோ சரிந்த சத்தம் கேட்டது. ஓடினேன். மாடத்துக்குக் கீழே ஒரு கல் பெயர்ந்து விழுந்திருந்தது. விரிசல் மாடத்து விளிம்பைத் தொட்டுவிட்டது. இனி சுவரைக் காப்பாற்ற முடியாது என்று முடிவு செய்தேன். படத்தை எடுத்தேன். ஆணியிலிருந்த முடிச்சை எடுத்தேன். அந்த இரண்டையும் வெளியே கொண்டு போய்விட்டால் போதும், மற்றது விழட்டும்.

வாசலைத் தாண்டும்போது முடிச்சு கையில் ஆடியது. உள்ளே சலசலவென்று ஒரு சத்தம்.

காசுச் சத்தம் இல்லை. எங்கள் பகுதியில் பிறந்த யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். பெட்டிக்குள் குச்சி அசைகிற சத்தம்.

சவரிமுத்துவும் கேட்டார். கையை நீட்டவில்லை. அது என்ன முடிச்சு என்று கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

“நான் வேதக்காரன். எங்க மாதாகிட்டன்னா நானே கேட்டுச் சொல்லிருவேன். உங்க ஆத்தாகிட்ட நீங்கதான் கேக்கணும்.”

நேர்ந்தது நடக்காமல் முடிச்சை அவிழ்ப்பது தப்பு. அது எனக்குத் தெரியும். படத்தைக் கிணற்றுமேட்டில் வைத்துக் கேட்டேன். சகுனம் எதுவும் கிடைக்கவில்லை. பல்லி இல்லை, காற்று இல்லை, பூ விழவில்லை. உள்ளறையில் இன்னும் ஒரு கை மண் உதிர்கிற சத்தம்தான் கேட்டது. அவிழ்த்தேன்.

மஞ்சள் துணிக்குள் ஒரு பிளாஸ்டிக் கேரி பை, இறுக்கிக் கட்டியது. அதற்குள் பதினோரு ரூபாய்க் காசு, ஒரு சூடக்கட்டி, ஒரு புதுத் தீப்பெட்டி. காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது.

பெட்டியை அவரிடம் நீட்டினேன். அவர் தலையை ஆட்டினார். ஹேண்டிலைச் சுற்றவும், வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டவும் அவருக்கு இரண்டு கையும் வேண்டும். துணியைப் பிடிக்க வேண்டியது நான். கொளுத்த வேண்டியதும் நான்.

முதல் குச்சி உடைந்தது. இரண்டாவதை உரசினேன், பற்றியது, பயத்தில் கீழே போட்டுவிட்டேன். மூன்றாவது குச்சி துணியைப் பிடித்தது. கம்பி நுனியில் சுற்றிய அந்த நெருப்பை இன்ஜினின் வாய்க்கு நேராகப் பிடித்தேன். அவர் சுற்றினார். ஒரு இருமல். இரண்டு. மூன்றாவதில் நெருப்பு உள்ளே இழுபட்டது. சக்கரம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. வெள்ளைப் புகை கறுத்தது. குழாயில் முதலில் காற்று, பிறகு சேறு, பிறகு தண்ணீர். மணி பன்னிரண்டு ஐம்பது.

சவரிமுத்து கொப்பளித்த கையோடு வந்து, என் கையில் எரிந்துகொண்டிருந்த துணியில் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் பேசினார். “இப்பத்தான் அண்ணாச்சி ஊரு பேரக் காப்பாத்துனீக.”

நாலாவது குச்சியில் ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். கஞ்சி காய்ச்சினோம். இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது. ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்து குடித்தோம்.

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளம் வற்றியது. ஊற ஊற இறைத்துக்கொண்டே இருந்தோம். விரிசல் அதற்கு மேல் அகலவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பாலம் திறந்தது. சவரிமுத்து கிளம்பினார். அடுக்கில் அடியில் இருந்த ஐந்து மூட்டை சிமெண்ட் இறுகிவிட்டது, முதலாளி திட்டுவார் என்றார். அதைத் தவிர வேறு வருத்தம் இல்லை அவருக்கு. எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது. அன்று சாயங்காலம் மாடத்தைத் துடைத்துப் படத்தை வைத்தேன். ஐந்தாவது குச்சியில் விளக்கேற்றினேன்.

ஆனால் மனது சரியாக இல்லை. அவள் முடிந்து வைத்ததை நேரம் வராமல் அவிழ்த்துவிட்டேன். அவளுக்காக நேர்ந்தது. அவளே இல்லை. நான் அதை எடுத்துச் செலவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை சாத்தூரிலிருந்து அவள் தங்கை சீனியம்மாள் தூக்குச் சட்டியில் சோறோடு வந்தாள். விழுந்த அடுப்படியைப் பார்த்து அழுதாள். உள்ளே வந்தவள் மாடத்து ஆணியைப் பார்த்ததும் நின்றாள்.

“முடிச்ச அவுத்துட்டீகளா மச்சான்?”

தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஜின், லாரி, ஆறு மணி, தீப்பெட்டி. முடித்ததும், அப்போது ஆள் வந்துதான் அவிழ்த்தீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“அப்ப சரியாத்தான் அவுத்துருக்கீக. அக்கா அதத்தான நேந்துச்சு.”

எனக்குப் புரியவில்லை. அவள் பிழைக்க வேண்டும் என்றுதானே நேர்ந்தாள் என்றேன்.

“அதுக்குத் தெரியும் மச்சான், பொழைக்க மாட்டோம்னு. டாக்டர் சொன்னது உங்களுக்கு முந்தி அதுக்குத் தெரியும். ‘அவரு தனியா நிப்பாரு. கைக்கு முடியாத நேரத்துல ஒரு ஆளக் கொண்டாந்து நிறுத்து ஆத்தா, அவரு வந்து ஒனக்கு அக்கினிச் சட்டி எடுப்பாரு.’ இதான் அது நேந்தது. சட்டிக்கு நெருப்பு வைக்க உங்ககிட்டத் தீப்பெட்டி இருக்காதுன்னு, அதயும் சேத்து முடிஞ்சுச்சு. நான் பக்கத்துலதான் உக்காந்துருந்தேன்.”

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கோயில் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவீகளே.”

அது உண்மை.

எட்டு மாதம் நான் கோபமாக இருந்தது, அவள் கேட்காத ஒன்றைக் கொடுக்கவில்லை என்பதற்காக. நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்டோம் என்று நினைத்திருந்தேன். கேட்டது நான் மட்டும்தான். அவள் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை இருக்கன்குடியில் அக்கினிச் சட்டி எடுத்தேன். அதே பெட்டியிலிருந்து ஒரு குச்சி, அதே சூடம். என் கையால்தான் நெருப்பு வைத்தேன். பதினோரு ரூபாயை உண்டியலில் போட்டேன். கூட்டத்தில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. சட்டியின் சூடு உள்ளங்கையில் ஏறியபோது, புதன்கிழமை மத்தியானம் இன்ஜினுக்கு முன்னால் நின்றது ஞாபகம் வந்தது.

அடுப்படி இன்னும் கட்டவில்லை. வெள்ளத்தில் அரை ஏக்கர் மிளகாய் அழுகிப் போனது போனதுதான். அதை நான் கேட்கவும் இல்லை. பின்சுவர் நிற்கிறது. விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறேன். அந்தச் சிமெண்ட் எங்கிருந்து வந்தது என்று நீங்களே ஊகிக்கலாம். ஒரு நாள் காலையில் வாசலில் ஒரு மூட்டை இருந்தது. சவரிமுத்து வாரத்துக்கு ஒரு தடவை இந்த ரோட்டில் போகிறார். லோடு இருந்தால் நிற்க நேரம் இருக்காது. இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். நான் வாசலுக்கு வந்து கையைக் காட்டுவேன். மற்ற நாட்களில் வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. அந்த அமைதியை அம்மன் எடுத்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். ஆனால் அதற்குள் இப்போது நான் மட்டும் இல்லை.

உங்களில் யாராவது, கேட்டது கிடைக்கவில்லை என்று மாடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கலாம். நானும் அப்படி இருந்தவன்தான். உங்களுக்காக வேறு யார், என்ன கேட்டு வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அது தெரியும் வரைக்குமாவது அவளிடம் பேச்சை நிறுத்தாதீர்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை. நான் பேசியதும் நல்ல வார்த்தை இல்லை.

ஆடியில் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் என் வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். இரண்டு தரைப்பாலத்துக்கு நடுவில் ஒரே வீடுதான், தவறவிட மாட்டீர்கள். தண்ணீர் இருக்கும். விளக்குக்கோ அடுப்புக்கோ நெருப்பு வேண்டுமானால் கேளுங்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். நடக்கும்போது குச்சிகள் அசைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.